தப்பு வரிசையில் மூன்று சுற்று

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறந்ததல்ல, இரண்டு தோல்வார்களில் பிறந்தது. கான்செர்டினா என்ற என் துருத்தி வாத்தியத்தின் இரண்டு பக்கமும் கையை நுழைத்துக்கொள்ள ஒவ்வொரு வார் உண்டு. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவை எனக்கு இறுக்கமாகப் பட்டன. இரண்டையும் ஒரு துளை தளர்த்தினேன். கிறிஸ்துமஸில் வயிறு பருக்கும், கையுமா பருக்கும் என்று கேட்பீர்கள். என் உடம்பு பாரபட்சம் பார்ப்பதில்லை.

அந்த ஒரு துளையால் என்ன நடந்ததென்றால், பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கில்ட்ரானி தேவாலயத்தின் பாடகர் மாடத்தில், கீழே கஸ் டால்ட்டியின் சவப்பெட்டியும் நானூறு பேரும் இருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு

இல்லை. இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அதை முடிக்கப் பல நாளாக முயல்கிறேன். “நான்” என்று எழுதினாலே காது மடல் சூடாகிறது. வேறு எவன் தலையிலாவது கட்டிவிடலாம் என்றுதானே கதை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே இந்த நிமிடத்திலிருந்து “அவன்”. அவன் பெயர் சேனன் கன்சிடைன்.

(ஆளைத் தெரிந்த ஊர்க்காரர்கள் படித்தால்: ஆமாம், அவனேதான். பேசாமல் மேலே படியுங்கள்.)

2.

சேனனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது தொழில். “காரில் காளை கொண்டு வருகிறவன்” என்று ஊரில் பெயர். காரின் பின்னால் எப்போதும் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில், உறைகுளிரில், மாவட்டத்துக் கன்றுகளின் எதிர்காலம். இன்னொன்றில் கான்செர்டினா. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட மாற்றி எடுத்ததில்லை என்பதுதான் அவனுடைய தொழில் வாழ்க்கையின் பெருமை.

இப்படி ஒருவனை வைத்துக் கதை ஓடுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவனை மீனவனாக்கினேன். அலையும் துருத்தியும் ஒன்றுபோல மூச்சு விடுவதாக ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அழகான பக்கம். அவன் மனைவி உர்சுலா அதைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால், “படகுல ஏறினா உனக்கு வாந்தி வரும்” என்று எழுதிவைத்தாள். உர்சுலா ஊர்த் தபால் நிலையத்தை நடத்துகிறாள். முத்திரை குத்தாமல் அவள் எதையும் வெளியே அனுப்புவதில்லை. மீனவன் திரும்பவும் மாட்டுக்காரனானான்.

வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்கு அடக்கமான ஆறு மூலைப் பெட்டி, நடுவில் துருத்தி. மூன்று வரிசையில் முப்பது பொத்தான்கள். ஒரே பொத்தான், துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரம் தரும், இழுக்கும்போது வேறு சுரம் தரும். கை வைக்கும் இடத்தை வார்தான் தீர்மானிக்கிறது. வார் தளர்ந்து கை ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்துவிட்டால், விரல்கள் பழகினபடியே ஓடும். மெட்டும் பிசகாமல் வரும். சுதி மட்டும் வேறாகிவிடும். அதாவது, தனியாக வாசிக்கும்வரை தப்பு செய்கிறவனுக்குத் தப்பென்று தெரியாத வாத்தியம் இது.*

(* இது சேனனின் கருத்து. அவன் நண்பன் ஜார்லத்தின் கருத்துப்படி, சேனனுக்கு எல்லா விஷயமும் அப்படித்தான்.)

3.

இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நான்கு பேர் குறுக்குச்சாலை மதுக்கடையின் ஒரே மூலையில் உட்கார்ந்து வாசித்தார்கள். கஸ் டால்ட்டி வயலின். அவர் மனைவி டீலியா மரப் புல்லாங்குழல். பால்மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஜார்லத் பாஞ்ஜோ. சேனன் கான்செர்டினா. யாரும் காசுக்கு வாசித்தவர்கள் அல்ல. மாடு, தபால், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நடுவில் வாசித்தவர்கள்.

எழுந்து போகும்முன் கஸ் எப்போதும் ஒரே மெட்டைத்தான் எடுப்பார். மூன்று மூன்றாகத் துள்ளும் ஜிக் வகை. அதை அவர் துள்ளவிடாமல் நிதானமாக நடக்கவைப்பார். பெயர் கேட்டால், “மத்ததுக்கு அப்புறம் வர்றது” என்பார். எந்த மற்றது என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கு முந்நூறு மெட்டு தெரியும், பெயர் தெரிந்தது நாற்பதுக்கு மேல் இருக்காது.

(எங்களுக்கு அல்ல, அவர்களுக்கு. திருத்திக்கொள்ளவும்.)

எண்பத்தோராவது வயதில், படுக்கையில், கஸ் தன் அடக்கத் திருப்பலிக்கு ஏற்பாடு சொல்லிவைத்தார். இறுதியில் அந்த மெட்டு. முதல் வரியைச் சேனன் தனியாக ஆரம்பிக்க வேண்டும், பிறகு டீலியாவும் ஜார்லத்தும் சேர்ந்துகொள்ள வேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து சேனன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மாட்டுக்குப் பின்னால் நிற்கும்போதுகூட நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடத்தில் நல்ல குளிர். பாதிரியார் தலையசைத்தார். சேனன் கண்ணை மூடினான். முதல் வரி எடுத்தான். சத்தம் வழக்கத்தைவிட ஆழமாக, கனமாக இருந்தது. தேவாலயத்தின் கூரை தன் வாசிப்புக்கு ஏதோ அருள்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். பூனை வால் கதவிடுக்கில் மாட்டியதுபோல் ஒரு சத்தம். வெந்நீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்தான். உடனே இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

இங்கேதான் இந்தக் கதையின் நாயகனை நீங்கள் வெறுக்க ஆரம்பிக்கலாம். அவர்கள் நிறுத்தியது அழுகையால் என்று அவன் முடிவுகட்டினான். டீலியாவால் முடியவில்லை, பாவம். ஜார்லத்தும் உடைந்துவிட்டான். இனி இந்தத் துக்கத்தைத் தான் ஒருவனே சுமக்க வேண்டும். சுமந்தான். கண்ணைத் திறக்காமல் சுமந்தான். ஒரு மெட்டை மூன்று சுற்று வாசிப்பது எங்கள் வழக்கம். மூன்று சுற்றும் வாசித்தான். மூன்றாவது சுற்றில் சில சுரங்களை இழுத்து, நடுங்கவிட்டு—

வேண்டாம். அந்த நடுக்கத்தை எழுத மாட்டேன்.

முடித்துக் கண்ணைத் திறந்தபோது டீலியாவின் குழல் மடியில் குறுக்கே கிடந்தது. அவள் கண்ணில் ஈரமில்லை. ஜார்லத் கூரை உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

“நன்றி, சேனன்,” என்றாள் டீலியா. குழலை மூன்று துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, உறையில் வைத்தாள். ஒரு வரிகூட வாசிக்காத குழலை ஏன் துடைக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

4.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் தேநீரும் பன்றிக்கறி சாண்ட்விச்சும். மூன்று பேர் சேனனிடம் வந்தார்கள். முதல் ஆள் கையைப் பிடித்துக் குலுக்கி, “உன் பெட்டி அருமையான பெட்டிப்பா,” என்றார். இரண்டாவது ஆள், “பழைய பெட்டியா? இப்பல்லாம் இப்படிச் செய்யறதில்ல,” என்றார். மூன்றாவது ஆள் அவனைப் பார்க்காமல் கைப்பெட்டியையே பார்த்து, “கோயில் பூரா கேட்டுச்சு,” என்றார்.

சேனன் சாண்ட்விச்சைத் தட்டில் திரும்ப வைத்தான்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவன் நன்றாக வாசித்தால் “மோசமில்ல” என்பார்கள். மிக நன்றாக வாசித்தால் ஒன்றும் சொல்லாமல் அவன் குவளையை நிரப்புவார்கள். மோசமாக வாசித்தால் மட்டும்தான் வாத்தியத்தைப் புகழ்வார்கள். “பெட்டி நல்ல பெட்டி” என்பது இங்கே தூக்குத் தண்டனைக்குச் சமம். ஒரு முறை சொன்னால் மேல்முறையீடு செய்யலாம். மூன்று பேர் சொன்னால் கயிறு தயார்.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தான். பாஸ்டனிலும் பெர்த்திலும் இருக்கும் பிள்ளைகள் பார்ப்பதற்காகத் தேவாலயத்தில் காமிரா உண்டு. பீடத்துப் பக்கமிருந்து மக்களைப் பார்த்தபடி இருக்கும். பதிவில் மாடம் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பெட்டி ஆரம்பிக்கிறது. குழலும் பாஞ்ஜோவும் சேர்கின்றன. அந்த நொடியில் நானூறு முகங்கள் ஒரே சமயத்தில் மாடத்தை நோக்கி நிமிர்கின்றன, கோதுமை வயலில் காற்று அடித்ததுபோல. பிறகு பெட்டி மட்டும். நெடுநேரம் பெட்டி மட்டும்.

“இதுல நாலாவது சுத்தும் இருக்கா?” என்று கேட்டாள் உர்சுலா.

“மூணுதான்.”

“நாலு மாதிரி இருந்துச்சு.”

சேனன் பெட்டியை எடுத்துக் கைகளை வாருக்குள் நுழைத்து, கண்ணை மூடி, திறந்து பார்த்தான். விரல்கள் ஒரு வரிசை தள்ளி, மிகுந்த நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தன. டீலியாவின் குழலைப் பற்றி இப்போதுதான் நினைத்தான். பாஞ்ஜோ அவன் பின்னால் எந்தச் சுதிக்கும் ஓடி வந்திருக்கும். மரக்குழலால் முடியாது. அது நாலைந்து சுதிகளுக்கு மேல் நகராது. தன் கணவனின் அடக்கத்தில் அவள் வாசிக்க இருந்த ஒரே மெட்டு, அவள் போகவே முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

“நான் கெடுத்துட்டேனா?” என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “அந்தக் கோயில்ல எதிரொலி ஜாஸ்தி, இல்ல?” என்று கேட்டான்.

“கல்லுக் கட்டடம்,” என்றாள் உர்சுலா.

5.

அடுத்த வாரம் ஜார்லத் பண்ணையில் வேலை. ஒரு சிவப்புப் பசு, பிடிவாதக்காரி. ஜார்லத் தலைப்பக்கம் நின்றான், சேனன் மறுபக்கம். இந்தப் பேச்சை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஜார்லத் கோபப்படுகிறான், ஒன்றில் சேனன் அழுகிறான். நடந்தது இதுதான்:

“அன்னிக்கு மேல எப்படிக் கேட்டுச்சு, ஜார்லத்?”

“எதுக்கு?”

“சும்மாதான். எதிரொலி ஜாஸ்தியோன்னு.”

“டேய், எனக்கு இடது காது கேக்காது. நீ உக்காந்திருந்தது இடது பக்கம்.”

“நீ நிறுத்திட்டியே.”

“டீலியா நிறுத்தினா, நானும் நிறுத்தினேன்.”

“டீலியா ஏன் நிறுத்தினா?”

“அதை டீலியாவத்தான் கேக்கணும்.” ஜார்லத் பசுவின் நெற்றியைச் சொறிந்தான். “நல்ல கோட்டு போட்டிருந்தே அன்னிக்கு. புதுசா?”

வாத்தியத்தைத் தாண்டிக் கோட்டைப் புகழும் நிலைக்கு வந்தாயிற்று. சேனன் கையுறையைக் கழற்றினான்.

“கஸ் ஏன் என்னை ஆரம்பிக்கச் சொன்னாரு? உனக்குத் தெரியுமா?”

இதற்கு மட்டும் ஜார்லத் யோசிக்காமல் சொன்னான். “குளிர்ல என் பாஞ்ஜோ சுதி கலையும். குழல் சூடாக நேரமாகும். உன் பெட்டி ஒண்ணுதான் எந்தக் குளிருக்கும் சுதி மாறாது. அதான், அதுவே ஆரம்பிக்கட்டும்னாரு.”

(இந்த இடத்தில் வாசகர் சிரித்துக்கொள்ளலாம். சேனன் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, காரில், தனியாக இருக்கும்போதுதான் சிரிப்பு வந்தது. வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருந்தது.)

6.

பிறகு அவன் வாசிப்பதை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை மூலைக்குப் போகவில்லை. பெட்டி மாடிப்படிக்கு அடியில், தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இதை மிகவும் உருக்கமாக எழுதியிருந்தேன். “மௌனம் அந்த வீட்டில் ஒரு விருந்தாளியைப் போல” என்று ஆரம்பித்த வாக்கியம். உர்சுலாவின் பென்சில்: “வீடு ஒண்ணும் மௌனமா இல்ல. நாள் பூரா எதிரொலி எதிரொலின்னு புலம்பிட்டே இருந்தே.”

சரி. ஆனால் ஒன்றை அவள் அடிக்கவில்லை, அதனால் அது நிற்கிறது. அந்தப் பெட்டியால் சேனனுக்கு என்ன கிடைத்தது என்பது.

அவன் நல்ல வாசிப்பாளன் அல்ல. போட்டிகளில் பத்து வயதுச் சிறுமிகள் அவனைத் தோற்கடித்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி பபிள்கம் மென்றுகொண்டே தோற்கடித்தாள். ஆனால் பண்ணைக்குப் பண்ணை போகும்போது, யாராவது மாட்டை ஓட்டிவர நேரமாகும்போது, அவன் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து பெட்டியை முழங்கால்மேல் வைத்துக்கொள்வான். தோலும் பழைய மரமும் கலந்த வாசனை வரும். துருத்தி விரியும்போது உள்ளே காற்று போகும் சிறு சத்தம், யாரோ பேச வாயெடுப்பதுபோல் இருக்கும். அழுத்து, இழு. அழுத்து, இழு. இரண்டாம் வரியில் விரலும் மூச்சும் ஒன்றாகிவிடும். அந்த ஐந்து நிமிடம் அவனுக்குக் கடன், கொலஸ்ட்ரால், வயது ஒன்றும் கிடையாது. வேலியோரம் மாடுகள் வந்து வரிசையாக நிற்கும். பெட்டியைப் புகழாத ஒரே சபை அதுதான்.

அந்தப் பெட்டியின் விலை அவன் காரைவிட அதிகம். விற்றுவிடலாமா என்று ஒரு முறை உர்சுலாவிடம் கேட்டான்.

“வித்துட்டு?”

“சமையலறைக்குப் புது ஜன்னல் போடலாம்.”

“ஜன்னலை எந்த முழங்கால்ல வெச்சுக்குவே?” என்றாள்.

இது பதிலா, கேள்வியா என்று அவன் ஒருநாள் முழுக்க யோசித்தான். அவளுக்குத் தபால் முத்திரையில் மட்டும்தான் தெளிவான எழுத்து.

7.

மார்ச் மாதம் டீலியாவின் அட்டை வந்தது. கஸ்ஸின் மாத நினைவுத் திருப்பலி, சனிக்கிழமை பகல் பதினொரு மணி. “எல்லோரும் வாருங்கள்.” அவ்வளவுதான். சேனன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ஜார்லத்துக்குத் தொலைபேசி செய்தான். “உனக்கும் அட்டை வந்துச்சா?”

“வந்துச்சு.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“எல்லோரும் வாருங்கள்.”

“பாஞ்ஜோ பத்தி?”

ஜார்லத் இருமினான். “பாஞ்ஜோ பத்தி நேர்ல சொன்னா. கடையில பாத்தப்போ.”

“என்ன சொன்னா?”

“கொண்டு வரச் சொன்னா.”

“என் பெட்டியைப் பத்தி?”

“நாங்க நின்னது பால் அடுக்கி வைக்கிற பக்கம்,” என்றான் ஜார்லத். “அங்க பேச்சு அவ்வளவா ஓடல.”

ஆக, சேனன் அழைக்கப்பட்டான். அவன் பெட்டி அழைக்கப்படவில்லை. பெட்டியோடு போனால் துடுக்கு. பெட்டியில்லாமல் போய், மாடத்தில் ஒரு காலி நாற்காலி அவனுக்காகக் காத்திருந்தால்? இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் இரண்டாம் முறையும் அவனால் வாசிக்காமல் போனால்?

இந்தக் கேள்வியோடுதான் நான் எழுதவே உட்கார்ந்தேன். அவனுக்கு விடை கிடைக்கவில்லை, ஆகவே முடிவுகளை நானே தயாரித்தேன்.

முதல் முடிவு. சேனன் பெட்டியோடு போகிறான். டீலியா கண்ணீரோடு, “நீ வாசிச்சது கஸ்ஸுக்குப் பிடிச்சிருக்கும்,” என்கிறாள். எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் வருகிறது. (உர்சுலா, பென்சிலில்: “மார்ச் மாசத்துல கிளேர்ல வெயிலா?”)

இரண்டாம் முடிவு. அன்று மாடத்தில் சேனன் தப்பு செய்தபோது டீலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு நாள் அழுத பிறகு வந்த முதல் சிரிப்பு. அதை மறைக்கத்தான் வாசிப்பை நிறுத்தினாள். ஆக, அவன் தப்பே அவளைக் காப்பாற்றியது. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. எழுதும்போது கண் கலங்கியது. (உ: “இது உன்னைக் காப்பாத்தறதுக்கு எழுதினது.”)

மூன்றாம் முடிவு. சேனன் வெள்ளிக்கிழமையே செத்துப்போகிறான். (உ: “சோம்பேறித்தனம்.”)

நான்காவதை உங்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். “வாசகரே, நீங்கள் சேனனின் இடத்தில் இருந்தால்” என்று ஒரு வரி. அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“சேனா,” என்றது டீலியாவின் குரல். “என் கறுப்பி பருவத்துக்கு வந்திருக்கா. காலைலேர்ந்து கத்தறா. வர்றியா?”

8.

அது இன்று காலை. இன்று வெள்ளிக்கிழமை. ஆகவே சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

டீலியாவுக்கு எழுபத்துநான்கு வயது, இரண்டு பசுக்கள். கஸ்ஸின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தொழுவத்தில் காத்திருந்தாள். கறுப்பியின் வாலை ஒரு கையால் பிடித்து ஒதுக்கிக்கொண்டு நின்றாள். சேனன் நீளக் கையுறையை மாட்டி, வலது கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டான். மனிதன் எங்கும் ஓட முடியாத நிலைகளில் இது முதன்மையானது.

“நல்லாப் பிடிங்க, டீலியா.”

“பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். நீ உன் வேலையைப் பாரு.”

பார்த்தான். பிறகு சேனனே பேச்செடுத்தான்.

“நாளைக்குக் கோயில்ல குளிரா இருக்குமோ?”

“போன மாசத்தைவிடக் கம்மியாத்தான் இருக்கும்.”

“அன்னிக்கு அந்த மாடத்துல எதிரொலி கொஞ்சம்—”

“சேனா.” டீலியா வாலை மறு கைக்கு மாற்றினாள். “ஒரு மாசமா நீ ஊரெல்லாம் எதிரொலியை விசாரிச்சுட்டுத் திரியறியாமே.”

“யார் சொன்னா?”

“தபால் ஆபீசுல.”

அவன் கறுப்பியின் முதுகைப் பார்த்தான்.

“யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க, டீலியா. பெட்டி நல்லாருக்குன்றாங்க. கோட்டு நல்லாருக்குன்றாங்க.”

“எதிரொலியைப் பத்திக் கேட்டா எதிரொலியைப் பத்தித்தான் சொல்லுவாங்க. உனக்கு வேணுங்கறதை நீ யார்கிட்டயாவது கேட்டியா? ஒரு ஆள்கிட்ட?”

கேட்கவில்லை. ஜார்லத்திடம் கேட்கவில்லை, உர்சுலாவிடம் கேட்கவில்லை. ஏழு பகுதி எழுதி, மூன்று முடிவு தயாரித்து, அவன் கேட்கவே இல்லை. ஊர் அவனுக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று நான் இவ்வளவு நேரம் உங்களிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பாதிப் பொய்.

இந்தக் கேள்வியைச் சேனனை விட்டுக் கேட்கவைக்க முடியாது. அவன் தலையில் கட்டியது போதும். அவனை இங்கே இறக்கிவிடுகிறேன். தோள்வரை கை உள்ளே இருக்கும் இந்த ஆள் நான்தான்.

“அன்னிக்கு நான் கெடுத்துட்டேனா?” என்று கேட்டேன்.

“ஆமா,” என்றாள் டீலியா.

கறுப்பி ஒரு கால் மாற்றி நின்றாள். நான் கையை அசைக்கவில்லை.

“மூணு நாளா வீட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டேன்,” என்றாள். “அந்த மனுசனோட ஒரு நிமிஷம் தனியா இருக்க விடல. அந்த மெட்டுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதை வாசிக்கும்போது அவரோட இருக்கலாம்னு நெனச்சேன். குழலை வாய்ல வெச்சேன், நீ எங்கியோ போயிட்டிருந்தே. ரெண்டு இடத்துல பிடிச்சுப் பாத்தேன், முடியல. நீ கண்ணைத் திறப்பேன்னு உன்னையே பாத்தேன். நீ திறக்கல. மூணு சுத்து, சேனா. ஒவ்வொரு சுத்து முடியும்போதும் பாத்தேன்.”

“தெரியாது, டீலியா.”

“தெரியாதுன்னு தெரியும். தெரிஞ்சே செஞ்சிருந்தா உன்னை மாடத்துலேர்ந்து தள்ளியிருப்பேன்.”

“நீங்க அழறீங்கன்னு நெனச்சேன்.”

“நான் அழல. எனக்குக் கோவம்.” வாலை விடவில்லை. “ராத்திரி வீட்டுக்குப் போய்தான் அழுதேன். அதுல பாதி உன்னாலதான்.”

வேலையை முடித்தேன். கையை வெளியே எடுத்து, கையுறையை உருவி, வாளித் தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் நல்ல சூடு. எனக்காகக் கெட்டிலில் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு இரண்டாவது கேள்விக்குத் தைரியம் வந்தது.

“நாளைக்குப் பெட்டியைக் கொண்டு வரட்டுமா?”

டீலியா வாலை விட்டாள். கறுப்பி வைக்கோல் பக்கம் திரும்பினாள். டீலியா மழைக்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், என் காரின் பின்கதவைத் தானே திறந்தாள். அங்கே இரண்டு பெட்டிகளும் இருந்தன. மாடிப்படிக்கு அடியில் இருந்ததை யார் எடுத்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. (உ: “தெரியும்.”) அவள் சரியான பெட்டியைத் திறந்து, கான்செர்டினாவை எடுத்து, இரண்டு வார்களையும் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு துளை இறுக்கி மாட்டினாள். பிறகு என் கையில் கொடுத்தாள்.

“கொண்டு வா,” என்றாள். “நான்தான் ஆரம்பிப்பேன். நீ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு என் பின்னாடி வா.”